சலோமிக்குக் கொடுக்காத சீட்டு

1. தோளில் மாட்டிய பை

செஞ்சியில் எங்கள் சபை பிரெஸ்பிடேரியன் சபை. வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்தில் கட்டிய கோயில். பாஸ்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். சபையை நடத்துகிறவர்கள் மூப்பர்கள். நான் அங்கே முப்பத்தொரு வருஷம் உபதேசியாராக இருந்தேன். உபதேசியார் என்றால் பிரசங்கம் பண்ணுகிறவர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். சண்டே ஸ்கூல், ஆஸ்பத்திரி விசிட், போர்டிங் பிள்ளைகளுக்கு டியூஷன், கல்லறைக் குழிக்கு ஆள் பிடிப்பது, மைக் செட்காரரோடு மல்லுக்கட்டுவது, எல்லாம் அவர் தலையில்தான்.

அதோடு சீட்டு. எங்கள் சபையில் திருவிருந்து வருஷத்துக்கு நாலு தடவை. முந்தின வாரம் ஒரு மூப்பரும் உபதேசியாரும் வீடு வீடாகப் போவோம். சண்டை சச்சரவு இருந்தால் பேசித் தீர்த்து, ஜெபம் பண்ணி, முத்திரை குத்திய அட்டையில் பெயர் எழுதிக் கொடுப்போம். அதை ஞாயிற்றுக்கிழமை வாசலில் கொடுத்தால்தான் அப்பமும் திராட்சரசமும். சினிமா டிக்கெட்டா என்று மற்ற சபைக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். எங்களுக்கு அதில் பெருமை.

வேலையில் சேர்ந்த அன்று மூப்பர் ஞானமுத்து சீட்டுப் பையை என் தோளில் மாட்டினார்.

“தம்பி, பைதான் உன்கிட்ட இருக்குது. சீட்டு சபையோடது. எவர் மூஞ்சியையும் பாத்து எரக்கப்பட்டுக் குடுத்துடாத.”

நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்க எனக்கு ஆசை. தலையாட்டினேன்.

2. மூப்பர் மீட்டிங்

சலோமி தொண்டூர்ப் பக்கத்துக் காலனிக்காரர். புருஷன் இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற கூலி வேலை. ஒரே மகன் சேகர். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து கோயிலைப் பெருக்கித் துடைப்பார். திருவிருந்து முடிந்ததும் ரசம் குடித்த சின்னக் கண்ணாடிக் கப்புகளைக் கழுவுவதும் அவர்தான். இத்தனை வருஷத்தில் ஒரு கப் உடைந்ததில்லை.

சேகர் பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. ஸ்காலர்ஷிப், பின்னால் வரப்போகிற வேலை, எல்லாவற்றிலும் மண். ரேஷன் கார்டில் சலோமியின் பெயர் அஞ்சலை. தாலுகா ஆபீசில் ‘நாங்கள் இந்துக்கள்’ என்று பாரம் கொடுத்துக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். இது எங்கள் பக்கத்தில் ஊரறிந்த ரகசியம். பாதிச் சபைக்கு இரண்டு பெயர். ஆனால் சலோமியை மட்டும் யாரோ மூப்பரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

“எழுத்துல ஏசுவ மறுதலிச்சிருக்குது அந்தம்மா. அத வாபஸ் வாங்கட்டும், அப்புறம் சீட்டு குடுக்கலாம்” என்றார் ஞானமுத்து. மற்ற மூப்பர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் வாயைத் திறக்கவில்லை. காரணத்தை எழுதித்தான் ஆக வேண்டும். என் மகளுக்கும் அதே சான்றிதழ்தான். அந்த வாரம்தான் என் மனைவி அதே ஆபீசில் அதே வாக்கியத்தை எழுதிக் கொடுத்து வாங்கிவந்திருந்தாள். வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். சம்பளம், குவார்ட்டர்ஸ், எல்லாம் சபையுடையது.

தீர்ப்பைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள்.

“அப்ப எனக்குச் சீட்டு இல்லியா, உபதேசியாரே?”

“எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கிட்டா குடுத்துடுவாங்கம்மா.”

“வாங்குனா எம்புள்ள படிப்பு இன்னா ஆவறது?” கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “சரி, நீங்க இன்னா பண்ணுவீங்க. நான் பின்னால குந்திக்கிறேன்.”

அன்றிலிருந்து அவருக்குக் கடைசி பெஞ்சு. சனிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. தன் வாய் படாத கப்புகளைப் பன்னிரண்டு வருஷம் கழுவினார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நான் வேறு பக்கம் போய்விடுவேன்.

3. நான் தனியாகப் போன வீடு

சேகர் படித்து முடித்து அரசுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரானான். அடுத்த வருஷமே சலோமிக்கு வயிற்றில் கட்டி. விழுப்புரத்தில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அது திருவிருந்துக்கு முந்தின வாரம். ஞானமுத்துவுக்கு மூட்டுவலி, வரவில்லை. சீட்டுப் பையோடு நான் மட்டும் போனேன். பையில் பெயர் எழுதாத சீட்டுகள் இருந்தன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுபோவதும் வழக்கம்தான்.

“உபதேசியாரே, இந்த ஒரு வாட்டி குடுங்க. இனிமே கேக்க மாட்டேன்.”

“அடுத்த மாசம் மீட்டிங் இருக்குதும்மா. கண்டிப்பாப் பேசறேன்.”

“அடுத்த மாசமா?” என்றார். பிறகு, “சரி, பேசுங்க” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் இறந்துபோனார். மகன் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்று எங்கள் கல்லறையில் வைக்கவில்லை. மேளம் அடித்து, காலனிச் சுடுகாட்டில் அஞ்சலையாகப் புதைத்தார்கள். நான் பைபிள் கொண்டுபோகவில்லை. எத்தனையோ பேரை ஜெபம் பண்ணி மண்ணுக்குள் இறக்கியவன், அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் கலைந்த பிறகு சேகர் என்னிடம் வந்தான்.

“சார், அம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. அவங்களுக்கு எழுதத் தெரியாது. அன்னிக்கு தாலுகா ஆபீசில அந்தப் பாரத்த எழுதிக் குடுத்ததே உங்க வீட்டம்மாதான். மொதல்ல உங்க பொண்ணுக்கு எழுதுனாங்க, அப்புறம் எனக்கு.”

சேகர் மேலே சொன்னான்.

“நீங்க சீட்டு இல்லன்னு சொல்லிட்டுப் போனப்ப நான் சண்டைக்கு வரப் பாத்தேன் சார். அம்மாதான் தடுத்தாங்க. ‘அந்தாளு வேல போயிடும்டா, பொட்டப்புள்ள வச்சிருக்கிறாரு’ன்னாங்க.”

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். “உங்களுக்குப் பயந்துதான் சொல்லல” என்று அழுதாள்.

போன வருஷம் ரிட்டயர் ஆனேன். வழியனுப்பு விழாவில் ஞானமுத்து கைத்தடியை ஊன்றி எழுந்து எனக்குச் சால்வை போர்த்தினார். “இவரு கையால ஒரு சீட்டுகூட தப்பாப் போனதில்ல” என்றார். சபை முழுக்கக் கை தட்டியது. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்திருக்கிற உபதேசியார் தம்பிக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். கேட்டால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மீட்டிங்கில் அப்புறம் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.