நான்காம் வாரத்துப் படம்

பெங்களூரிலிருந்து கிளம்பிய இரவுப் பேருந்து திருச்சிக்கு வந்து சேர்ந்தபோது காலை ஆறு மணி. வழியெல்லாம் நான் தூங்கவில்லை. முந்தின நாள் மாலை ஒரு பெண் தொலைபேசியில் சொன்னதுதான் காரணம். "மதினி போன எடுக்காதுங்க. இருட்டு ரூம்ல இருக்கு. யாரையும் உள்ள விடாது. ஒரு வேளைதான் சாப்புடுது." அதற்குள் பின்னால் யாரோ அவரைக் கூப்பிட, பேச்சு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை.

மதினி என்று அந்தப் பெண் குறிப்பிட்ட அவருடைய அண்ணன் மனைவி, எங்கள் மருந்து ஆய்வில் சேர்ந்திருப்பவர். அப்படிச் சேர்ந்தவர்களின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பது விதி. அதனால் அவரைச் சித்ரா என்று அழைக்கிறேன், ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் அரிமளத்துக்குப் பக்கம். பள்ளியில் கணக்கு ஆசிரியை, வயது நாற்பதை நெருங்குகிறது, ஆறு வருடங்களாக மனச்சோர்வு நோய். எத்தனையோ மாத்திரைகள் பார்த்தும் கேட்காமல், கடைசியில் எங்களிடம் வந்தவர். தொடர்பு விட்டுப்போனால் வீட்டுக்கு ஆள் அனுப்பலாம் என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார். இந்தத் தடவை அந்த ஆள் நான். மற்ற நாட்களில் மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியை ஓட்டுவது என் வேலை.

காலை 6.40. புதுக்கோட்டைப் பேருந்து. ஐம்பத்து மூன்று கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய் டிக்கெட். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கீரனூர் தாண்டியதும் வலப்பக்கம் தூரத்தில் மொட்டைப் பாறைக் குன்றுகள் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்க்க வேண்டியவை என்று யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று எனக்கு அவை வெறும் பாறைகளாகத்தான் இருந்தன.

பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மடியில் ஒரு பை நிறைய வெற்றிலையை வைத்திருந்தார். "எங்கிட்டுப் போறீங்க?" என்றார். அரிமளம் என்றேன். என்ன வேலை என்று கேட்டார். மூளைக்குப் படம் எடுக்கிறேன் என்றதும், "நம்ம நெனக்கிறதெல்லாம் அதுல தெரிஞ்சிருமா?" என்று பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். தெரியாது என்று சொன்னேன். நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புலன்களைக் குழப்பி, இல்லாததைக் காணவைக்கும் சில மருந்துகள் உண்டு. போதைக்காக மட்டும் பேசப்பட்டுவந்த அவற்றைக் கொண்டு மனநோயைக் குணப்படுத்த முடியுமா என்று இப்போது பல நாடுகளில் சோதிக்கிறார்கள். வெளிநாடுகளில் ஒருவகைக் காளானிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது கெட்டமைன். அறுவை அரங்கில் மயக்கத்துக்குக் கொடுப்பதுதான். அதையே குறைந்த அளவில், நாற்பது நிமிடம், சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவோம். மருந்துக்கு முன் மூளையை ஒரு படம், மருந்து ஏற்றிய நான்காம் வாரம் இன்னொரு படம்.

சும்மா படுத்திருக்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை. தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும் சில பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சோர்வு நோயில் அந்தப் பேச்சு முடிச்சுப் போட்ட மாதிரி இறுகிக் கிடக்கிறது என்றும், மருந்து அதைத் தளர்த்துகிறது என்றும் நினைக்கிறோம். உறுதியாகத் தெரியாது. தளர்ந்த முடிச்சு தளர்ந்தே இருக்கிறதா என்பதைத்தான் நான்காம் வாரத்துப் படம் சொல்ல வேண்டும். படத்தில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் நாங்கள் பூசுவது. மூளைக்குள் அப்படி நிறம் ஒன்றும் கிடையாது.

மருந்து ஏறி முடிந்ததும் சித்ரா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "கம்மாத் தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்த மாதிரி இருந்துச்சு மேடம். ஆனா மூச்சு முட்டல." மூன்றாம் நாள் எங்கள் மருத்துவமனை உணவகத்தில் இரண்டாவது தோசை கேட்டாராம். கூட வந்திருந்த கணவர் அதை ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார்.

அந்த மருந்தின் பலன் பலருக்கு நிலைப்பதில்லை. சில வாரங்களில் கரைந்துவிடலாம். கரையும்போது ஆள் முன்பைவிட மோசமாக இடிந்துபோவதும் உண்டு. இருட்டு அறை, கதவடைப்பு, சாப்பாட்டில் வெறுப்பு. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அடையாளங்கள் ஒன்றுவிடாமல் அந்தத் தொலைபேசிப் பேச்சில் இருந்தன. மோசமான செய்தி எதுவும் காத்திருக்கக்கூடாதே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

காலை 9.15. அரிமளம். புதுக்கோட்டையில் பேருந்து மாறி, தைலமரக் காடுகளுக்கு நடுவே செம்மண்ணைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கினேன். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ, நூற்று இருபது ரூபாய். ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். யார் வீட்டுக்கு என்று கேட்டதும் சொன்னேன்.

"டீச்சர் வீடா? அவுக பத்து நாளைக்கு லீவு போட்ருக்காகளே. வெளியில தலையே காட்டுறதில்லயாம்."

"உடம்பு சரியில்லையா?"

"அது தெரியலங்க. முன்னாடி ரொம்ப முடியாமத்தான் இருந்தாக." கொஞ்ச தூரம் போனதும் தாமாகவே தொடர்ந்தார். "பொழுது சாயங்குள்ள கெளம்பிருங்க. ஊர்ல காப்புக் கட்டியிருக்கு."

அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பதும், வெளியூர்க்காரர் இரவு தங்கிவிட்டால் திருவிழா முடியாமல் கிளம்பக்கூடாது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் தமிழ் பேசினாலும் நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஆய்வுக்குத் தேதி குறித்தபோது அரசு விடுமுறைகளையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒதுக்கினோம். இது யாருக்கும் தோன்றவில்லை.

வீடு கண்மாய்க்கரையை ஒட்டி இருந்தது. முன்வாசலில் வேப்பிலைத் தோரணம். சித்ராவின் கணவர் கணேசன் மோட்டார் பம்பைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் வெல்டராக இருந்தவர், மனைவிக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு வந்தவர். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்னங்க மேடம், சொல்லாம கொள்ளாம? ஸ்கேன்ல எதுவும் தப்பா வந்துருச்சா?"

"சித்ரா எங்கே?"

"உள்ளதான். இருட்டு ரூம்ல."

என் கைப்பையை நான் கீழே வைக்கவில்லை, போட்டேன். "எத்தனை நாளாய்?"

"காப்புக் கட்டுன அன்னையிலேர்ந்து. மொளைப்பாரி போட்ருக்கால்ல" என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும். கணேசனின் தங்கை மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விளக்கினார். முந்தின நாள் தொலைபேசியில் பேசியவர் அவர்தான். நவதானியத்தை எருவும் மண்ணும் நிரப்பிய சட்டியில் விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து, நேரம் தவறாமல் தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். வளர்ப்பவர் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பார். அவரைத் தவிர யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது. கடைசி நாள் பெண்கள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள்.

"மொளைப்பாரின்னு சொல்லாம விட்டுட்டேனா?" என்று தங்கை வாயில் கைவைத்தார். "எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன் மேடம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் மோரோடு சேர்த்து விழுங்கினேன்.

சித்ரா வெளியே வந்தார். மஞ்சள் புடவை, ஈரக் கை, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. இளைத்திருந்தார், ஆனால் என்னை நேராகப் பார்த்தார். மருந்துக்கு முன்னால் அவர் யாரையும் நேராகப் பார்த்ததில்லை. கதவை இழுத்து மூடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "ஒங்கள உள்ள கூப்புட முடியாது மேடம். கோவிச்சுக்காதீங்க. சாமிக்கு எடுக்குற அன்னைக்கு எல்லாரும் பாக்கலாம்" என்றார். அடுத்தவர் தலைக்குள் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தக் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்தேன்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அன்று புதன்கிழமை. சனிக்கிழமைக்குள் பெங்களூரில், அதே கருவியில் இரண்டாவது படம் எடுத்தாக வேண்டும். வேறு ஊர்க் கருவியில் எடுத்தால் முதல் படத்தோடு ஒப்பிட முடியாது. எடுக்காவிட்டால் அவர் ஆய்விலிருந்து விலகியவர் ஆவார். படம் எடுத்து முடித்தவர்களுக்கு மட்டுமே அடுத்த மூன்று மாதமும் மருந்து தொடரும்.

கணேசன் முதலில் பேசினார். "காருக்குச் சொல்றேன். நடுச்சாமத்துல கெளம்பி, பொழுதடஞ்சதும் வந்துருவோம்."

"மொளைப்பாரி போட்டவுக ஊரெல்லயத் தாண்டக் கூடாது" என்றார் சித்ரா.

"சட்டிய என் தங்கச்சிகிட்டக் குடு. அவ பாத்துக்குவா."

"ஆறு வருசமா எல்லாத்தையும் அவதான பாத்துக்கிட்டா?"

கணேசன் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து, ஆய்வை நடத்தும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு வாரம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். நான்காம் வாரம் என்றால் நான்காம் வாரம்தான், ஒருவருக்காக வளைத்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும் என்றார். அவர் சொன்னது சரி. எப்படியாவது கூட்டிக்கொண்டு வா என்றும் சொன்னார். திரும்பி வந்து, இரண்டாவதை மறைத்து முதலாவதை மட்டும் சொன்னேன். யாரையும் இழுத்துக்கொண்டு போவது என் வேலை இல்லை.

"அடுத்த ஊசி இல்லாமப் போனா என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு?" என்றார் கணேசன்.

"தெரியும். எனக்குத் தெரியாதா?" சித்ரா புடவை முந்தானையில் கையைத் துடைத்தார். "சீக்கு திரும்பி வந்தா வரட்டும். வராத நாள்ல நான் எதையாச்சும் செஞ்சிருக்கணும்ல? பஸ் ஏறி மிசினுக்குள்ள போயி, நான் நல்லா இருக்கேன்னு காட்டிட்டு வந்தா மட்டும் போதுமா?"

அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. உங்களை மாதிரி வருகிற அடுத்தவர்களுக்கு அந்தப் படம் உதவும் என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அதை விட்டுவிட்டு, நோய் திரும்புகிற மாதிரி இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் என்னைக் கூப்பிட வேண்டும், ஆய்வில் இல்லாவிட்டாலும் மருத்துவர் பார்ப்பார், பழைய மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று மட்டும் சொன்னேன். மூன்றையும் கணேசன் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

மதியம் எனக்கு மட்டும் சாப்பாடு போட்டார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். விரதத்திலிருந்தவர் எதிரே உட்கார்ந்து பரிமாறினார்.

மாலை 4.30. கணேசன் என்னைப் பைக்கில் அரிமளத்தில் கொண்டுவந்து விட்டார். பேருந்து நிற்கும் இடத்தில் வண்டியை அணைத்த பிறகு கேட்டார்.

"அது திரும்பி வந்துருமா மேடம்?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். எங்களுக்கே தெரியாது."

அவர் தலையாட்டினார். "ஆறு வருசமும் பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் அவ அந்த ரூம்லதாங்க கெடந்தா. அதே ரூமு, அதே தாப்பா. சாப்பாட்ட வாசல்ல வச்சுட்டு வருவோம். இப்பவும் அவ உள்ள போயித் தாப்பா போடுற சத்தம் கேட்டா போயி கதவுல காத வச்சு நிக்கிறேன். அவளுக்குத் தெரியாது."

"என்ன கேட்கிறது?"

"தண்ணி தெளிக்கிற சத்தம். அப்பறம்..." கொஞ்சம் கூச்சப்பட்டார். "கும்மிப்பாட்டுப் பாடுறா மேடம். மெதுவா. அவ பாடுவான்னே எனக்கு மறந்து போச்சு."

மணியைப் பார்த்தார். சாயங்காலத் தண்ணீர் தெளிக்கும் நேரம் என்றார். என் பேருந்து வரும்வரை அவர் நிற்கவில்லை.

புதுக்கோட்டைக்குத் திரும்பும் பேருந்தில் எங்கள் படமெடுக்கும் அறையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். குளிரூட்டிய அறை, வெள்ளைக் குழாய், காதைப் பிளக்கும் சத்தம். படுத்திருப்பவர் இமையைத் தவிர எதையும் அசைக்கக்கூடாது. தலை நூலளவு அசைந்தாலும் படம் கெட்டுவிடும். ஒலிபெருக்கியில் நான் ஒவ்வொருவரிடமும் சொல்வது இதுதான்: அசையாதீர்கள், பேசாதீர்கள், உதட்டைக்கூட அசைக்காதீர்கள். சித்ரா வந்திருந்தால் அவரிடமும் அதையேதான் சொல்லியிருப்பேன். நான்காம் வாரத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு எங்களிடம் படம் கிடையாது. பாடினார் என்பது எனக்குத் தெரியும்.