பதினோராவது ஊசி

பயிற்சியில் சேர்ந்த ஐந்தாவது மாதம். ட்ரேயில் பத்து ஊசிகள்தான் இருந்தன. சீட்டில் நான் எழுதியிருந்தது பதினொன்று.

பிள்ளைகளே, மணலியில் ஃபிட்டராக இருந்த உங்கள் அப்பா நாற்பத்தெட்டு வயதில் அக்குபங்சர் படிக்கப் போனது உங்களுக்குத் தெரியும். அங்கே நடந்ததில் ஒன்றை எழுதுகிறேன். ராயபுரத்தில் ஒரு மாடியில் வகுப்பு. ஞாயிறு காலையில் அக்கம்பக்கத்தார் வருவார்கள். எங்கள் மேடம் மேற்பார்வையில் நாங்கள் ஊசி போடுவோம். மேடம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை 'அண்ணே' என்பார். போட்ட ஊசிகளைச் சீட்டில் எழுத வேண்டும். எடுத்த ஊசிகளை எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் ஆளை எழுப்ப வேண்டும். அது அவர் சட்டம்.

அன்று வந்தவர் மீன் விற்கும் தனம் அக்கா. கழுத்து வலி. கை, கால், கழுத்தில் பத்து ஊசி. உச்சந்தலையில், டியூ இருபது என்கிற புள்ளியில், ஒன்று. அதைத் தோலோடு சாய்த்துப் போடுவோம். அடர்ந்த முடிக்குள் கண்ணுக்குத் தெரியாது.

எடுக்கத் தொடங்கியதுமே அவர் போக வேண்டும் என்று பறந்தார்.

"சீக்கிரம் எடு நைனா. கடல்லேந்து மீன் போட்டு வந்துகினு கீது. நாயித்துக்கெயம யாவாரம் போச்சுன்னா நீயா குடுப்ப?"

கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். அவர் கொண்டையை முடிந்துகொண்டு படியிறங்கிவிட்டார். பிறகுதான் எண்ணினேன்.

விட்டது உச்சந்தலை ஊசிதான். தலையில் கூடை சுமக்கிறவர் அவர். அத்தனை கனமும் அந்த ஊசியின் மேல் உட்கார்ந்தால்?

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, மறைக்க மாட்டேன். சர்டிபிகேட் போய்விடுமே என்ற பயம். அப்புறம் மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. அக்காவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை.

"இப்ப எங்க இருப்பாங்க?"

"காசிமேடு ஹார்பர்ல மேடம்."

"வண்டிய எடுங்கண்ணே."

பஞ்சு, ஸ்பிரிட், கையுறையோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடை நிரம்பியிருந்தது. தனம் அக்கா சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"யக்கா! தூக்காத!"

"இன்னா நைனா, இப்டி கூவிகினு வர்ற?"

"உன் தலையில என் ஊசி ஒண்ணு கீதுக்கா. எண்ணாம வுட்டுட்டேன். தப்பு என்னுது."

பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இன்னா மாமு, டோர் டெலிவரியா?"

அக்கா சிரிக்கவில்லை. "சரியான பேஜாருய்யா உன்னோட" என்று ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். மேடம் கையுறையை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எடுங்கண்ணே."

மாட்டிக்கொண்டு முடியை விலக்கினேன். ஊசி போட்டபடியே இருந்தது. எடுத்துப் பஞ்சை அழுத்தினேன். ரத்தம் இல்லை.

மேடம் கைகூப்பினார். "அக்கா, இவர் என்கிட்ட படிக்கிறவர். பக்கத்துல நின்னு பாக்காதது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

"நீ இன்னாத்துக்கும்மா கும்புடுற? நானுந்தான பறந்தேன்." என் பக்கம் திரும்பினார். "மறந்தவன் நீ. ஆனா ஓடியாந்து சொன்னவனும் நீதான். வர்ற வாரம் நீயே போடு. வேற ஆளு வாணாம். இப்ப கூடைக்குக் கை குடு."

நானும் மேடமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

எண்ணச் சொன்னது பரீட்சைக்காக என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது என்னிடம் வருகிறவர் எவ்வளவு பறந்தாலும் எண்ணி முடிக்காமல் எழுப்புவதில்லை.

நீங்களும் ஒரு நாள் வேலைக்குப் போவீர்கள், தப்பும் செய்வீர்கள். செய்தால் அதனால் அடிபடப் போகிற ஆளிடம் முதலில் ஓடுங்கள். உங்களோடு வண்டியில் ஏறி வந்து, 'என் தப்பும்தான்' என்று சொல்கிற மேலதிகாரி கிடைத்தால், சம்பளம் கொஞ்சம் குறைச்சலானாலும் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.