"எப்ப வருவீங்க?" என்று கேட்டவள்

போன வாரம் என் பேத்தி கவிதா ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நான் மத்தி மீன் அலசிக்கொண்டிருந்தேன்.

"அப்பாயி, 'டேர்'னா என்னா தெரியுமா?"

மூணாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"நீயே சொல்லிடு. எனக்குக் கை ஈரமா இருக்கு."

"துணிஞ்சு செய்யிறதுன்னு அர்த்தம். டீச்சர் உதாரணம்கூட சொன்னாங்க. மீனவர்கள் கடலுக்குள் போகத் துணிகிறார்கள்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீச்சருக்கு வீடு தருமபுரம். கடலை லீவு நாளில் சுண்டலோடு பார்க்கிறவர்… அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"உங்கப்பன் கடலுக்குப் போறது பொழப்புடி. டிரைவர் பஸ்ஸுல ஏறுறதுக்கு இந்த வார்த்தையைப் போடுவாங்களா? உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டே ஒருத்தர் ஒண்ணு செய்யிறாரு பாரு, அதுக்குப் போடச் சொல்லு."

"அப்படி யாரு செஞ்சா?"

ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். அலசின மீனையே இன்னொரு தடவை அலசினேன்.

மறுநாள் விடிகாலை. என் மகன் செல்வம் கடலுக்குக் கிளம்பினான். எங்கள் ஃபைபர் படகில் அவனோடு இன்னும் இரண்டு பேர். இன்ஜின் நாலைந்து நாளாகவே இருமிக்கொண்டிருந்தது. தெருவுக்கே தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் கோட்டுச்சேரிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவனிடம் எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் கடலுக்குக் காதில் விழுந்துவிடுமாம். அதனால் பெண்கள் கூரையைப் பார்ப்போம், கோழியைப் பார்ப்போம்… வாயைத் திறக்க மாட்டோம்.

என் மருமகள் மல்லிகா நெடுங்காட்டுக்காரி. வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள். இத்தனை வருஷம் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு முடியவில்லை.

"ஏங்க… எப்ப வருவீங்க?"

தெருவே எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு சின்னப்பொண்ணு கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

செல்வம் திரும்பிப் பார்த்து முறைத்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, முணுமுணுத்தான்.

"மத்தியான உலை வைக்கிறதுக்குள்ள வந்துடுவோம்."

போய்விட்டான். சின்னப்பொண்ணு என்னிடம் ஓடி வந்தாள். "என்னா அத்தை, உங்க மருமவ இப்படிக் கேட்டுப்புட்டா?" நான் கோழியைப் பார்த்தேன்.

வெயில் ஏறியது. ஒவ்வொரு படகாகக் கரைக்கு வந்தது. ஏலம் ஆரம்பித்தது. எங்கள் படகைக் காணோம். செல்லில் கூப்பிட்டால் எவளோ ஒரு பொம்பளை இங்கிலீஷில் பேசுகிறாள். மற்ற இரண்டு பேருடைய பெண்டாட்டிகளும் கரையில்தான் நின்றார்கள். ஒருத்தி நகத்தைக் கடித்தாள். இன்னொருத்தி காலியான கூடையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் மூன்று பேரும் என்ன பேசினோம் தெரியுமா? கத்திரிக்காய் விலை!

மல்லிகா வந்தாள். விறுவிறுவென்று ஏலம் நடக்கிற இடத்துக்கே போனாள். ஆம்பிளைகள் நடுவில் நின்றாள். குரல் நடுங்கியது.

"உலை வைக்கிறதுக்குள்ள வர்றேன்னாங்க. சோறே வடிச்சாச்சு. யாராவது போய்ப் பாருங்க."

சின்னப்பொண்ணு புருஷன் மாரி சொன்னான்: "கடல்ல முன்னப் பின்னதான் ஆவும். போ தங்கச்சி, வந்துருவாங்க."

"மொதல்ல வாயைக் கழுவு" என்றாள் சின்னப்பொண்ணு மல்லிகாவிடம்.

"கழுவுறேன்க்கா. அண்ணனைப் படகை எடுக்கச் சொல்லுங்க, அப்புறமா கழுவுறேன்."

ஒருத்தரும் அசையவில்லை. தேடப் போனால் ஆபத்து என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! அந்தப் பயம் எல்லோருக்கும். எனக்கும்தான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"ஏண்டா மாரி, வயக்காட்டுக்காரிக்கு இருக்கிறதுல பாதி இருந்தாப் போதும்டா. இல்லைன்னா சொல்லு, நானே படகைத் தள்ளுறேன். நீ போய்ச் சோத்தைத் தின்னு."

நாலு பேர் சிரித்தார்கள். மாரிக்கு முகம் சிவந்தது. படகு கிளம்பியது.

அதற்குப் பிறகு நான் கடலைப் பார்க்கவே இல்லை. மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் கேட்டிருக்கக் கூடாதா அத்தை?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் சில்லென்று இருந்தது, என்னுடையது மாதிரியே.

வெயில் சாயும் நேரத்தில் இரண்டு படகும் வந்தன… மாரியின் படகு எங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. இன்ஜின் நின்றுபோய், நீரோட்டம் அவர்களைத் தெற்கே கொண்டுபோயிருக்கிறது. குடிக்கத் தண்ணீர்கூடத் தீர்ந்துவிட்டதாம்.

"யாரு சொல்லிடா வந்தே?" என்று செல்வம் மாரியைக் கேட்டான்.

"உன் பொண்டாட்டி விட்டாத்தானே!"

செல்வம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். ஆறிப்போன சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டான். இன்னொரு கரண்டி வேண்டும் என்று தட்டை மட்டும் நீட்டினான்.

யோசித்துப் பார்த்தேன். டீச்சர் கணக்கில் கடலுக்குத் துணிந்தவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு நாலு பேர். ஒரு கேள்விக்குத் துணிந்தவள் ஒருத்திதான். அவளையும் வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

இன்ஜினைப் பழுது பார்த்துவிட்டு நேற்றுதான் செல்வம் மறுபடி கிளம்பினான். வாசலில் நின்றான். யாரும் கேட்கவில்லை. அவனாகவே தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மல்லிகா, இன்னிக்குத் தூரம் போறோம். பொழுது சாயத்தான் வருவோம்."

பக்கத்து வீட்டில் மாரியும் கிளம்பிக்கொண்டிருந்தான். சின்னப்பொண்ணு அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ஏங்க… எப்ப…"

பாதி வந்துவிட்டது. மீதியும் வந்துவிடும்… எனக்கு நம்பிக்கை இருக்கிறது.