எஸ்தரின் மூக்கும் நம் வாயும்

எஸ்தர் தங்கராஜ் காலமான செய்தி எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் காலையில் வந்தது. கிள்ளான் நகரில் தம் வீட்டில், உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று முதல்வர் எழுதியிருந்தார். அதற்கு வந்த முதல் பதில் இரங்கல் அல்ல. "அந்த மூக்கு ஆபரேஷனாலயா?" என்ற கேள்வி. கைகூப்பிய படங்கள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கின.

கேட்டவரின் பெயரை எழுதப் போவதில்லை. அவரும் இதை வாசிப்பார் என்பதால், தெரிய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்தரின் இறப்புக்கும் அந்த மூக்கு அறுவைச் சிகிச்சைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அறுவை முடிந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய தந்தையும் ஐம்பதைக் கடந்த வயதில், இதே போல இதய நோயில் போனவர். மருத்துவர் குடும்பத்தாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இருந்தும் இறுதிச் சடங்கில், அதற்குப் பின் கல்லூரி உணவகத்தில், நான் கேட்ட பேச்சு வேறு. அழகுக்கு ஆசைப்பட்டு உயிரை விட்டவர் என்று ஒரு பெண்ணை நினைவில் நிறுத்திக்கொள்ள நம்மில் சிலர் தீர்மானித்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் உயிரியல் ஆசிரியர், நான் பொருளாதாரம். பல ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். அவருடைய மூக்கின் நடுவே ஒரு மேடு உண்டு, தந்தையிடமிருந்து வந்தது. மாணவர்கள் 'கிளி மிஸ்' என்று அழைப்பது அவருக்குத் தெரியும். அறுவைக்குப் போகிறேன் என்று அவர் சொன்ன அன்று, இந்த வயதில் எதற்கு என்று நான் கேட்டேன். "அம்பது வருஷம் அப்பா மூக்க சுமந்துட்டேன் சார், போதும்லா" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாருக்காகவும் இல்ல. எனக்காக" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

விடுப்பு முடிந்து திரும்பியபோது மூக்குக் கண்ணாடியை மூக்கின்மேல் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எஸ்தர் அதை நெற்றியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டு வகுப்பெடுத்தார். மாணவர்கள் ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள். ஆசிரியர் அறை பழகவில்லை. வீக்கம் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வடிந்ததால், மூக்கு இடப்புறம் சாய்ந்தது போலத் தெரிந்தது. "என்ன மிஸ், லெஃப்ட் சிக்னல் போட்டுட்டே இருக்கீங்க? எப்பத்தான் திரும்புவீங்க?" என்றார் ஒருவர். அறை சிரித்தது. எஸ்தரும் சிரித்தார். பிறகு கழிவறைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி அங்கேதான் இருந்தது.

இரு பக்கமும் ஒன்றுபோல வடியாது, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. "பாடம் நடத்தும்போது எல்லாம் தெரியுது சார். கண்ணாடி முன்னால நின்னா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றார். காலையில் இடப்பக்கம் தடித்திருந்தால், இரவு அந்தப் பக்கமாகப் படுத்தோமோ என்று அஞ்சுவார். மாலையில் வடிந்திருந்தால், அது வெளிச்சத்தின் ஏமாற்றோ என்று அஞ்சுவார். யார் எதிரே வந்தாலும் வலப்பக்கம் தெரியும்படி உட்கார்வார். நாள்தோறும் என்னிடம் ஒரே கேள்வி: "இன்னிக்கு எப்படி இருக்கு?" நேற்றைவிடப் பரவாயில்லை என்பேன். நம்பமாட்டார். மறுநாள் மறுபடி கேட்பார்.

இந்த நிலையில்தான் ஜெஞ்சாரோம் என்ற சிற்றூரிலிருந்து அவருடைய பெரியம்மா தேங்காய் எண்ணெயுடன் வந்து சேர்ந்தார். குழந்தையைக் குளிப்பாட்டும்போது எண்ணெய் தொட்டு மூக்கை நீவி எடுப்பது நம் வீடுகளின் வழக்கம். நீவினால் மூக்கு எடுப்பாக வரும் என்பது நம்பிக்கை. வீங்கிய மூக்கையும் அப்படியே நேராக்கிவிடலாம் என்று பெரியம்மா உறுதியாக நம்பினார்.

"நம்ம வீட்டுப் பிள்ளைங்க அத்தனைக்கும் நான்தான் நீவுனேன். ஒண்ணாவது கோணலா இருக்கா சொல்லு."

"அப்ப என்னை மட்டும் ஏன் பெரியம்மா விட்டுட்டீங்க?"

இதைச் சொல்லிச் சிரித்த எஸ்தர்தான், மறுநாள் காலை முகத்தைக் கொடுத்தார். பயந்தவர் யார் கையையும் பிடிப்பார். மதியத்துக்குள் மூக்கு மறுபடி புடைத்துச் சிவந்தது. நான் காரில் அவரைப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஃபெடரல் நெடுஞ்சாலை அன்று நகரவே இல்லை. அவர் முன்னால் இருந்த சிறு கண்ணாடியை இறக்கிப் பார்த்தபடியே வந்தார்.

"எலும்பு நகர்ந்திருக்கும் சார். பாருங்களேன்."

"நான் ரோட்டப் பாக்கணும் மிஸ். எனக்குத் தெரியிற பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"அது வலது பக்கம் சார். அந்தப் பக்கம் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்."

முகமே இனி இப்படித்தான் என்றால் வகுப்பில் எப்படி நிற்பேன் என்று கேட்டார்.

மருத்துவர் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "எலும்பு அசையல. வீக்கம்தான் ஏறியிருக்கு, இறங்கிடும். இனிமே யாரையும் கை வைக்க விடாதீங்க மேடம்" என்றார். வெளியே வந்ததும் எஸ்தர் சொன்னார்: "கை வைக்கறவங்களயாவது தடுத்துடலாம் சார். வாய் வைக்கறவங்கள என்ன பண்றது?"

அந்த வாய்கள்தாம் கிள்ளானில் அவருடைய சவப்பெட்டியைச் சுற்றி நின்றன. பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும்போதே குனிந்து பார்த்து, "ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு பாரு" என்று கிசுகிசுத்தவர்கள் என் சக ஆசிரியர்கள், பட்டம் பெற்றவர்கள். அவர்கள் பேச்சு எங்கே போய் விழுந்தது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். வாசலில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மூக்காலதான் போச்சுன்னு பேசிக்கறாங்களே. நான் கை வச்சதாலயா?"

"இல்லம்மா. இதயம் நின்னுபோச்சு. அவங்க அப்பாவுக்கு வந்த மாதிரியே."

"நெசமா?"

"நெசமா."

அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் நம்பிக்கை இல்லை. வாட்ஸ்ஆப்பில் போட்ட ஒரு வரிக் கேள்வி, பேரன் பேத்திகளை எல்லாம் குளிப்பாட்டிய ஒரு முதியவளைத் தன் கைகளைப் பார்த்துப் பயப்பட வைத்திருக்கிறது. இதற்கு மன்னிப்புக் கேட்க விரும்புபவர் ஜெஞ்சாரோமுக்குப் போகட்டும். என்னிடம் வர வேண்டாம்.

நான் நினைவில் வைத்துக்கொள்வது வேறு. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இருவரும் சாப்பிட்டோம். எஸ்தர் எனக்கு நேரெதிரே, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழ உட்கார்ந்தார். புதிய கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வுக்கூட வகுப்பு வைத்தவரைத் திட்டினார். பரிமாறியவரிடம், "அண்ணே, அந்த மேசைக்கு மட்டும் பாவக்கா வறுவலா? எங்களுக்கு என்ன பத்தியமா?" என்று சண்டை பிடித்து இரண்டு முறை வாங்கிக்கொண்டார். மீன் குழம்பில் உப்புக் குறைவு என்றார். வெயிலில் நடந்து ரயில் நிலையத்தில் அவரை விட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் உணர்ந்தேன்: அன்று அவர் "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கவேயில்லை. நானும் பார்க்கவில்லை. அன்று அவருடைய மூக்கு நேராக இருந்ததா என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது.