கொன்னுபோட்டுருவேன்னு சொன்ன ஜெபக்கனி

போன மாசம் ஒரு திங்கக்கிழம தென்காசிக்கு பஸ் ஏறுனோம். நானும், எங்க வீட்டு மாடியில குடியிருக்க ஜெபக்கனியும். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க.

பஸ்சுல பக்கத்துல இருந்த பொம்பள எதுக்கு மனுன்னு விசாரிச்சா. பட்டாவா, பென்சனா, தண்ணி வரலியா... நாந்தான் சொன்னேன் — இவ ஒருத்திய கொன்னுபோட்டுருவேன்னு எழுதிட்டா, அதுக்கு ஒரு கம்பெனி இவ கடையப் பூட்டிட்டுன்னு.

அந்தப் பொம்பள மெதுவா எந்திச்சு முன் சீட்டுக்குப் போயிட்டா.

நீங்களும் எந்திச்சுப் போயிராதிய. முழுசாக் கேளுங்க.

ஜெபக்கனி தையக்காரி. போர்டு கிடையாது, தெருப்பக்கம் கடை கிடையாது. அம்மாமாரோட பழைய பட்டுச்சேல இருக்குல்லா, அத வாங்கி அவுக பேத்திமாருக்குப் பாவாடை சட்டை, கவுனுன்னு தச்சு அனுப்புவா. மெட்ராசு, பெங்களூரு, துபாய் வரைக்கும் போவும். எல்லா ஏவாரமும் போன்ல, படம் போடுற ஒரு ஆப்புல. அதுல அவ பேருக்கு ஒரு பக்கம் வச்சிருக்கா. கடையும் அதுதான், போர்டும் அதுதான்.

நான் கொக்கி வச்சுக் குடுப்பேன். கூலி என்னன்னா, அவ போன்ல நான் வீடியோ பாத்துக்கிடுதது.

எனக்கு எழுத்து தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். வாரா வாரம் நான் பேசி அனுப்புதேன், பத்திரிகை ஆபீஸ்ல ஒரு பிள்ள எழுதிக்கிடுதா. எழுத்து தெரியலியேன்னு எம்பது வருசத்துக்கு முன்னால பொறந்தவ பட்ட வெக்கமெல்லாம் இந்த போன் வந்த பொறவு போயிட்டு பாத்துக்கிடுங்க. பேசுனா போதும், தேடித் தருது. யானை பிரசவம் கூட பாத்துட்டேன்! அதனால போன் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. இப்பமும் கிடையாது. அத முதல்லயே சொல்லிக்கிடுதேன்.

சரி, விசயத்துக்கு வாரேன்.

பூனாவுலயிருந்து ஒரு பிள்ள, அம்மா சேலய அனுப்பியிருந்தா. பூர்வீகம் வாசுதேவநல்லூர் பக்கம். அம்மா தவறி ஒரு வருசம் ஆவல. மாம்பழக் கலரு பட்டு, அரக்கு பார்டரு. மகளுக்குக் காதுகுத்து வருது, அதுக்கு இந்தச் சேலயில கவுனு வேணும். ஜெபக்கனி சேலய மேசையில விரிச்சு, படம் புடிச்சு, நாளைக்கு வெட்டப்போறேன்னு பக்கத்துல போட்டா.

அதுக்குக் கீழ அந்தப் பிள்ள எழுதுதா — அக்கா, படத்தப் பாத்ததும் மனசு என்னமோ பண்ணுது, வெட்ட வேண்டாம், திருப்பி அனுப்பிருங்கன்னு.

ஜெபக்கனி என்ன எழுதுனா? என்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் அனுப்புனா.

"ஏட்டி மூதி, திருப்பிக் கேட்ட, கொன்னுபோட்டுருவேன். பீரோவுல கிடந்து மக்கவா உங்கம்மா அத உடுத்துனா? உம்மவ மேல கிடக்கட்டும் அந்த வாசன."

நான் கொக்கிய வச்சிட்டுக் கண்ணத் தொடச்சேன். எங்க ஊருல இதுக்கு மேல பிரியமா ஒருத்திகிட்ட பேச முடியாது. உங்களுக்குத் தெரியும்லா?

கம்பெனிக்குத் தெரியல.

கொஞ்ச நேரத்துல பக்கமே காணாமப் போச்சு. கொலை மிரட்டலாம். வன்முறையாம். கணக்க முடக்கிட்டோம்னு ஒரு அறிவிப்பு.

யாரு புகார் குடுத்தா? ஒருத்தரும் குடுக்கல. மிசினே படிச்சு, மிசினே தீர்ப்புச் சொல்லிட்டு. 'கொன்னு'ங்கிற எழுத்து அதுக்குத் தெரியுது. அத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொன்னாங்கிறது தெரியுமா?

இதுல ஒண்ணு சொல்லணும். நெசமாவே கொன்னுருவேன்னு பொம்பளப் பிள்ளைகள மிரட்டுதவன் இருக்கான். அவனப் பிடிக்கணும், வேண்டாங்கல. ஆனா கேளுங்க — இதே பக்கத்துல ரோசாப்பூ படம் வச்ச ஒரு ஆளு, தெனமும் ஜெபக்கனிக்கு எழுதுவான். வணக்கம் சகோதரின்னு ஆரம்பிப்பான். சுத்தமான தமிழு, ஒரு கெட்ட வார்த்தை இருக்காது. ஆனா அவன் கேக்கதக் கேட்டா குளிச்சாத்தான் தீரும். அவனப் பத்தி இவ புகார் அனுப்புனா. எங்க விதிய அவர் மீறலன்னு பதில் வந்திச்சு.

மரியாதையா அசிங்கம் பண்ணலாம். பிரியமா வையக் கூடாது. இதுதான் அவுக சட்டம்.

பக்கம் போனது பெருசு. அதைவிடப் பெருசு என்னன்னா, அந்தப் பிள்ளயோட விலாசம், போன் நம்பரு, பேசுன பேச்சு எல்லாம் அதுக்குள்ளதான் கெடந்துச்சு. கூரியர்க் கவர ஜெபக்கனி வந்த அன்னைக்கே தூரப் போட்டுட்டா, போன்ல இருக்கேன்னு. பேரு என்னட்டின்னு கேட்டேன். 'குட்டிமா வேர்ல்ட்'டுங்கா. அதா பேரு? நெசப் பேரு தெரியாதாம். வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறி, குட்டிமா வேர்ல்டு வீடு எதுன்னு கேட்டா அடிக்க வரமாட்டாகளா?

ஜெபக்கனி அவ தங்கச்சி போன வாங்கித் தேடுனா. அதே மாதிரிப் பேரு ஊர்ப்பட்டது கிடக்கு. எல்லாத்துக்கும் ஒரு பச்சப்பிள்ள படம். அஞ்சாறு பேருக்கு எழுதிப் பாத்தா. ஒருத்தி யாரு நீன்னு கேட்டா. மத்தவுக பாக்கவே இல்ல.

அப்ப மேசையில அந்தச் சேல கிடக்கு. வெட்டவும் முடியல, அனுப்பவும் முடியல. ஏன்னா, இவ வஞ்சதுக்கு அந்தப் பிள்ள சரின்னாளா இல்லன்னாளான்னு தெரியாதுல்லா! பதில் வாரதுக்குள்ள பூட்டிட்டானே...

காதுகுத்து நாளு நெருங்கிட்டு இருந்திச்சு. நான் சொன்னேன், வெட்டித் தச்சு வையிட்டி, பொறவு பாத்துக்கிடலாம்னு. ஜெபக்கனி என்னய ஒரு பார்வ பாத்தா.

"மக உத்தரவு சொல்லாம ஒரு அம்மா சேலயில கத்திரி வைக்கலாமா ஆச்சி?"



அவளுக்குச் சோறு எறங்கல. செத்த பொம்பள சேலய வச்சுக்கிட்டு ஓடிட்டான்னு அந்தப் பிள்ள நினைச்சிருமே, அதுதான் அவளுக்கு. ஜெபத்துல கூட, கர்த்தரே அந்தப் பிள்ள நம்பர எப்படியாவது காட்டித் தாரும்னுதான் கேட்டா. நான் சங்கரநாராயணர்கிட்ட சொல்லி வச்சேன். ரெண்டு பக்கமும் மனு போட்டாச்சு. பாக்கி கம்பெனி ஒண்ணுதான்.

கம்பெனிக்கும் போட்டா. மேல்முறையீடுன்னு ஒரு பட்டன் இருக்காம். அமுக்கிட்டு டீய ஆத்துதா, பதில் வந்துட்டு — நாங்க நல்லாப் பரிசீலிச்சுப் பாத்துட்டோம், முடிவ மாத்த முடியாதுன்னு. ஒரு டீ ஆறுற நேரத்துல எந்த மனுசன் பரிசீலிப்பான்? ரேஷன் கார்டுல எங்க வீட்டுப் பேர தப்பா அடிச்சதுக்கு நான் தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்திருக்கேன். திட்டியிருக்கேன், திட்டு வாங்கியிருக்கேன். ஆனா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு இருந்தாரு. நாளைக்கு வாங்கன்னு சொல்லக் கூட ஒரு வாய் வேணும்ல?

அப்பத்தான் நான் சொன்னேன், திங்கக்கிழம மனு நாளு, வாட்டி போவோம்னு. சிரிக்காதிய. எங்களுக்குத் தெரிஞ்ச பெரிய வாசப்படி அது ஒண்ணுதான்.

மனு வாங்குன அம்மா நம்ம பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூர்க்காரியாம். ஜெபக்கனி எழுதுனத வாசிச்சிட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாக. பொறவு சிரிப்ப நிறுத்திட்டுச் சொன்னாக — ஆச்சி, இது எங்க கைக்கு எட்டாத எடம், ஆனாலும் வாங்கிக்கிடுதேன், போலீசுல சைபர் பிரிவுக்கு அனுப்புதேன், நீங்களும் ஒரு எட்டு போயிப் பாருங்கன்னு.

போனோம். அங்கன இருந்த போலீசுக்காரத் தம்பி பொறுமையாத்தான் கேட்டாரு. மிரட்டப்பட்டது யாரும்மா? தெரியல. அவுக புகார் குடுத்தாகளா? இல்ல. அப்ப மிரட்டுனது? நாந்தான் சார்னு ஜெபக்கனி கையத் தூக்குனா.

"கொன்னவளும் இல்ல, செத்தவளும் இல்ல. தண்டன மட்டும் இருக்கு"ன்னாரு அந்தத் தம்பி.

கம்பெனிக்குன்னு புகார் அதிகாரி ஒருத்தர் இருக்கணும்னு சட்டமே இருக்காம். ஈமெயிலு அனுப்பணுமாம். அவரே ஒக்காந்து இங்கிலீசுல அடிச்சுக் குடுத்தாரு. கொன்னுபோட்டுருவேன்ங்கத எப்படி இங்கிலீசுல எழுதன்னு கொஞ்ச நேரம் மோட்டப் பாத்தாரு பாவம். கடைசியில, 'இது எங்கள் பக்கத்தில் அன்பாகச் சொல்வது'ன்னு எழுதுனதா வாசிச்சுக் காட்டுனாரு. கேக்கவே கூச்சமா இருந்திச்சு. பிரியத்துக்கு விளக்கம் எழுதி ஒப்புதல் வாங்குத காலம் வந்துட்டு பாத்தியளா?

திரும்பி வரையில பஸ்சுல எனக்கு ஒரே யோசன. ஒரு டீக்கடை வைக்க லைசென்ஸ் கேக்காக. பூ மார்க்கெட்டுல தராச முத்திரை போடச் சொல்லுதாக. நம்ம பிள்ளைக படம், பேச்சு, பிழைப்பு எல்லாத்தையும் வாங்கி வச்சிருக்க கம்பெனிக்கு மட்டும் ஏன் ஊருக்குள்ள ஒரு வாசல் கிடையாது? அரசாங்கத்துல இருக்கவுக வாசிச்சா ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஜில்லாவுக்கு ஒரு ஆளு. எங்க பேச்சு தெரிஞ்ச ஆளு. அவரு 'நாளைக்கு வாங்க'ன்னு சொன்னாலும் பரவாயில்ல.

அந்த ஈமெயிலுக்குப் பொறவு, நெசமாவே நீதானான்னு பாக்க, மூஞ்சிய இடப்பக்கம் வலப்பக்கம் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாக கம்பெனிக்காரவுக. ஸ்டேசன்ல கள்ளனப் படம் புடிக்க மாதிரி ஜெபக்கனி திரும்பித் திரும்பி நின்னா. அதுக்கும் பொறவு பல நாளு கழிச்சு, முந்தாநாத்து காலையில, பக்கம் திரும்பி வந்துட்டு. மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் இல்ல. அவ எழுதுனத மட்டும் அழிச்சிருந்தாக. இன்னொரு தடவ இப்படி எழுதுனா ஒரேயடியாப் போயிரும்னு ஒரு எச்சரிக்க.

உள்ள போனா, தனியாப் பேசுத எடத்துல அந்தப் பிள்ள எழுதுனது வரிசையாக் கிடக்கு. ஜெபக்கனி வாசிக்கா, நான் கேக்கேன்.

பூட்டுன அன்னைக்கே எழுதியிருக்கா — சரிக்கா, நீங்க சொன்னா சரிதான், வெட்டுங்க. பொறவு, அக்கா? பொறவு, அக்கா ஒடம்புக்கு முடியலியா? பொறவு ரொம்ப நாள் கழிச்சு ஒண்ணு — காதுகுத்து முடிஞ்சிட்டுக்கா, சேலய மட்டும் பத்திரமா வச்சிருங்க.

வாசிச்சு முடிச்சிட்டு ஜெபக்கனி கொஞ்ச நேரம் சேலயத் தடவிக்கிட்டே இருந்தா. சரின்னு அன்னைக்கே சொல்லிட்டா பாருங்க...

பொறவு பதில் அடிச்சா. அடிக்கா, அழிக்கா, அடிக்கா. என்னத்தட்டி எழுதுதன்னேன். வாசிச்சா.

"வணக்கம் மேடம். தாமதத்திற்கு வருந்துகிறோம். தங்கள் சேலை பத்திரமாக உள்ளது."

எங்க கொழுந்தன்மாரு ரெண்டு பேரும் ஏலே வாலேன்னு ஒரே தட்டுல தின்ன ஆளுக. என்னைக்கு 'சொல்லுங்க', 'வாங்க'ன்னு பேச ஆரம்பிச்சாகளோ, அன்னைக்குத்தான் கிணத்துக்கு நடுவுல சுவரு எழும்புச்சு. எங்க பக்கம் மரியாத குடுத்துப் பேசுனா ஒறவு முறிஞ்சிட்டுன்னுல்லா அர்த்தம்? ஏட்டி அழி அதன்னு கத்துனேன். அதுக்குள்ள போயிட்டு.

பதில் ஒடனே வந்திச்சு. "அக்கா, எம்மேல கோவமா? எதுக்கு மேடம்ங்கிய? ரெண்டு வசவாவது வஞ்சிருக்கலாம்லா."

கீழ ஒரு போன் நம்பரு.

ஜெபக்கனி கூப்பிட்டா. அந்தப் பக்கம் அலோன்னா. ரெண்டு மூக்குறிஞ்சுத சத்தந்தான் கேக்கு. பொறவு இவ ஒரு பெருமூச்ச விட்டுட்டு ஆரம்பிச்சா பாருங்க, ஏட்டி மூதி, சவத்துமூதி, நம்பர அன்னைக்கே தனியாக் குடுத்து வைக்கப்பிடாதா, என்னய சாவடிச்சிட்டியேன்னு... அங்கன அந்தப் பிள்ள அழுதுகிட்டே சிரிக்கா. அவ மக வேற நடுவுல மழலையில என்னமோ வையுதா. இவ என்னத்தக் கொன்னா, எத்தனை தடவ கொன்னாங்கிறத இங்கன சொன்னா, எழுதுத பிள்ள, ஆச்சி இத அச்சடிக்கலாமான்னு கேப்பா. தாராளமா அடி மக்கா, தாள எவன் வந்து பூட்டுவான்?

காதுகுத்து போனாப் போவுது, பொங்கலுக்குப் போட்டுக்கிடட்டும்னு ஆச்சு. பிள்ள வளந்திருப்பா, புது அளவு அனுப்புன்னா. வைய வேண்டியதெல்லாம் வஞ்சு முடிச்ச பொறவு, ஒரு நிமிசம் கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டுக் கத்திரிய எடுத்தா.

எழுத்துல மட்டும் அவளுக்கு எல்லாரும் இன்னும் மேடம்தான்.