நாற்பத்தேழாம் எண் சிங்கம்

சித்தியின் கல்யாணம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் பல வருஷம் பேச்சு இருந்தது. நானும் அதை நம்பினேன். ஆறாம் வகுப்பு படிக்கிற பெண் ஒரு கல்யாணத்தை எப்படி நிறுத்த முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முடியும். ஒரு மவுஸும் இரண்டு சிங்கங்களும் இருந்தால் போதும்.

சிதம்பரம் கீழவீதியை ஒட்டிய ஒரு சந்தில் மாமா டி.டி.பி. கடை வைத்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் பேனர், பில் புக் என்று எல்லாவற்றுக்கும் அங்கே டிசைன் செய்து, அச்சுக்கு வெளியே அனுப்புவார்கள். மாமா வண்டியில் சுற்றி ஆர்டர் பிடிப்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அத்தனை வேலையும் செய்தது அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி. பள்ளிக்கூடம் விட்டதும் நான் பையோடு நேராக அங்கே போய்விடுவேன். ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார எனக்குத் தெரியாது. சுழல் நாற்காலியைச் சுற்றி உடைத்ததும் நான்தான், பேப்பர் வெட்டும் கத்தியைத் தொட்டு அடி வாங்கியதும் நான்தான். என்னைக் கட்டிப்போட சித்தி கண்டுபிடித்த ஒரே வழி சிங்க சிடி.

மாமா மெட்ராஸுக்குப் போனபோது வாங்கிவந்த சிடி அது. வெள்ளைக்கார ராஜாக்களும் ஜமீன்தார்களும் கொடியிலும் கோட்டைக் கதவிலும் வைத்துக்கொண்ட சின்னங்கள் அதில் இருநூறு இருந்தன. நடுவில் ஒரு கேடயம், இரண்டு பக்கமும் பின்னங்காலில் நிற்கும் மிருகங்கள், மேலே கிரீடம், கீழே நெளிந்து ஓடும் ரிப்பன். ரிப்பனில் எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத பாஷையில் ஏதோ எழுதியிருக்கும். அதை அழித்துவிட்டுத் தமிழில் எழுதினால் எம்பளம் தயார். இப்படித்தான் ஒரு டியூஷன் சென்டரும், ஒரு பிரியாணிக் கடையும், இரண்டு கபடிக் குழுக்களும் சிங்கங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கடலோரக் கிராமத்திலிருந்து படகுக்குப் பெயர்ப்பலகை போட வந்த ஒரு அண்ணன், சிங்கத்தை எடுத்துவிட்டு மீன் வைக்கச் சொன்னார். மாமா அசரவில்லை. முன்பாதி சிங்கமும் பின்பாதி மீனுமாக ஒரு மிருகம் அந்த சிடியிலேயே இருந்தது. அதைப் பார்த்து அவர், "எங்க கடல்ல இது மாட்டுனதே இல்லியே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, அதையே போட்டுக்கொண்டு போனார்.

நானே எல்லாப் படங்களுக்கும் எண் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எனக்குப் பிடித்தது பன்னிரண்டு, நெற்றியில் கொம்பு முளைத்த குதிரை. நாற்பத்தேழு, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற ஜோடிச் சிங்கம்.

அந்த வருஷம்தான் கடலூர் செம்மண்டலத்திலிருந்து சித்திக்கு மாப்பிள்ளை வந்தார். அரசாங்க வேலை, சொந்த வீடு. மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சித்திக்கோ வேறொரு இடத்திலிருந்து ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய பிரஸ்ஸில் டிசைனர் வேலைக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். தங்குவதற்கு ஹாஸ்டல்கூடப் பார்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள், கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று. அதை மாமா நல்ல சேதியாகக் கொண்டுவந்தார்.

"கஷ்டப்பட வேணாம்ங்குறாங்க. அவுங்க எவ்ளோ தங்கமானவுங்க பாரு."

"எனக்கு வேணாம்ண்ணே. நான் பாண்டிச்சேரிக்குப் போறேன்."

"சின்னப்புள்ள மாதிரி பேசாத" என்றார் மாமா. சித்தி கீபோர்டைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டித் தூசி எடுக்க ஆரம்பித்தாள். காலையில்தான் தட்டியிருந்தாள். அதில் தூசியே இல்லை. அதற்குப் பிறகு அவள் மறுத்துப் பேசி யாரும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்தத் தொடங்கினால் எழுந்து வாசலுக்குப் போவாள், வருவாள், மறுபடி போவாள். உட்காரத் தெரியாத பிள்ளை என்று என்னைத் திட்டியவள், அந்த மாதத்தில் என்னைவிட அதிகமாக நடந்தாள்.

பத்திரிகை அடிக்கிற நாள் வந்தது. மாமா பெருந்தன்மையாக, "பாப்பாவே எம்பளம் செலக்ட் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு என்று கத்தினேன்.

"குதிரை வேணாம்டி, ஓடிப்போயிடும்" என்றாள் சித்தி. "சிங்கம் போடலாம். நாப்பத்தேழு."

நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். உடனே என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து மவுஸைக் கையில் கொடுத்தாள். "நீயே கிளிக் பண்ணு. நீதான் செலக்ட் பண்ணன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்." மவுஸை அவள் யாருக்கும் தருகிறவள் இல்லை. நான் குதிரையை அந்தக் கணமே மறந்துவிட்டுக் கிளிக் செய்தேன்.

மளமளவென்று வேலை முடிந்தது. கேடயத்துக்குள்ளே மணமக்கள் பெயர். ரிப்பனின் இடது நுனியில் நிச்சயதார்த்தத் தேதி, வலது நுனியில் திருமணத் தேதி. மாமா வந்து புரூஃப் பார்த்தார். பெயர் சரி, நாள் நட்சத்திரம் சரி, மண்டபம் சரி. தினம் பத்துச் சிங்கம் பார்க்கிறவர் கண்ணுக்குச் சிங்கம் தெரியவில்லை. சொன்னபடியே சித்தி வீடு முழுக்கச் சொன்னாள், பாப்பா செலக்ட் பண்ணது, பாப்பா செலக்ட் பண்ணது என்று. நான் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

முதல் பத்திரிகையைக் கோயிலில் வைத்தோம். இரண்டாவது சம்பந்தி வீட்டுக்கு. அப்பாவும் மாமாவும் கிளம்பியபோது, எம்பளம் செலக்ட் செய்த உரிமையில் நானும் தொற்றிக்கொண்டேன். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் இருந்த பை என் மடியில். பஸ் கடலூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை பிரித்துச் சிங்கத்தைப் பார்த்துவிட்டேன்.

ஷேர் ஆட்டோவிலிருந்து செம்மண்டலத்தில் இறங்கி அவர்கள் தெருவுக்குள் திரும்பினோம். முனையில் கரண்டுக் கம்பத்தில் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. இரண்டு பக்கமும் நாக்கை நீட்டிய சிங்கங்கள். கேடயத்துக்குள் மீசைவைத்த ஒரு பெரியவர் முகம். ரிப்பனின் இடது நுனியில் தோற்றம், வலது நுனியில் மறைவு. நாற்பத்தேழு.

மாப்பிள்ளையின் தாய்மாமன் போன வருஷம் தவறிப்போனார் என்பதும், அதற்காகத்தான் வருஷம் கழியட்டும் என்று காத்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வருஷ நினைவுக்குப் பேனர் போட, சம்பந்தி ஆகப்போகிறவர்களின் கடையே இருக்கிறதே என்று எங்கள் கடைக்குத்தான் வந்திருக்கிறார்கள். அப்போது எனக்குப் பரீட்சை, கடைப்பக்கம் போகவில்லை.

"அப்பா, வீட்டுக்குப் போலாம்பா."

"இப்பதான வந்தோம்? பேசாம வா."

பையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். அவர்கள் வீட்டுக்குள் போனதும் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் கொடுத்தார்கள், காபி கொடுத்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மாமா தட்டு கேட்டு வாங்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அப்பா என் கையைப் பிடித்துத் தூக்கிப் பையை எடுத்தார். வெற்றிலை கசங்கியிருந்தது. பத்திரிகைக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டி அட்டை போடச் சொன்னது மாமாதான்.

மாப்பிள்ளையின் அம்மா பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். கத்தவில்லை, திட்டவில்லை. விரலைக் கேடயத்தின் மேல் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"எங்கண்ணன் மொகம் இருந்த எடத்துல எம்புள்ள பேரா?"

மாமாவுக்கு அப்போதுதான் கண் தெரிந்தது. "வேற அடிச்சுத் தர்றேங்க்கா, நாளைக்கே அடிச்சுத் தர்றேன்" என்று எழுந்து நின்று சொன்னார். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"காயிதத்த மாத்தலாம் தம்பி. நான் பாத்துட்டேனே. மனசு ஒப்பல."

அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம். வீட்டு வாசலிலேயே மாமா ஆரம்பித்தார். "இவகிட்ட போயி செலக்ட் பண்ணச் சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும்." அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். பழைய ஃபைலைத் திறந்து எழுத்தை மட்டும் மாற்றுவது கடை வழக்கம்தான், சீசன் நேரத்தில் வேலை ஜாஸ்தி, அவள் பாவம் என்ன செய்வாள் என்று சித்திக்காகப் பரிந்து பேசினார்கள். எனக்காகப் பேச ஆளில்லை. பிறகு எல்லோரும் கூடத்தில் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் சமையல்கட்டுக்குப் போனேன். சித்தி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று சோறு போட்டுக்கொண்டாள். நிம்மதியாக, அவசரமில்லாமல், காலை நீட்டிக்கொண்டு. துக்கம் வந்தால் பெரியவர்களுக்கு இப்படித்தான் பசிக்கும்போல என்று நினைத்தேன்.

"சித்தி, அந்த பேனரும் நீதான பண்ண?"

அவள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, ஒரு தட்டெடுத்துச் சோறு போட்டு, எனக்குப் பிடிக்கும் என்று டப்பாவிலிருந்த அப்பளம் மூன்றையும் அதில் வைத்தாள். அம்மா அடித்த இடத்தை மெதுவாகத் தேய்த்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எம்மேல கோவம் இல்லியா சித்தி?"

"உம்மேல எனக்கு எதுக்குடி கோவம்? சாப்புடு."

தன் கல்யாணத்தையே நிறுத்தியவளுக்கு மூன்று அப்பளம். இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று நினைத்து நினைத்து, தேம்பிக்கொண்டே அத்தனையும் தின்று தீர்த்தேன்.