மோட்டார் இல்லை, சைக்கிள்

முழங்கால் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தபோது மாதாவிடம் ஒரு நேர்ச்சை வைத்தேன். என்னை எழுப்பி நடமாட விட்டால், புக்கிட் மெர்தாஜாம் கோயில் திருவிழாவுக்கு என் சொந்தக் கால் பலத்தில் வருகிறேன் என்று. எழுந்துவிட்டேன். ஆனால் டாக்டர், நெடுந்தூரம் நடக்கக்கூடாது, சைக்கிள் மிதிக்கலாம் என்றார். மின்சார சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

தப்பு போனில் நடந்தது. "மோட்டார் வச்ச சைக்கிள்ல வரேன்" என்று அண்ணியிடம் வாய்விட்டேன். எங்கள் ஊரில் மோட்டார் என்றால் மோட்டார்சைக்கிள்தான். நேர்ச்சையை மோட்டாரில் தீர்க்கப் போகிறாளாம் என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சேதி பரவிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

ஜார்ஜ் டவுனில் ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி மிதித்தேன். வேகம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தொட்டால் மோட்டார் கையை விரித்துவிடும். செபராங் ஜெயா தாண்டி ஒரு நேர்ச்சாலையில் மீட்டர் இருபத்தெட்டு காட்டியது. மிச்ச மூன்றும் யார் கொடுத்ததாம்?

கோயில் மேட்டுக்குக் கீழே அண்ணனும் அண்ணியும் காத்திருந்தார்கள். அண்ணி சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"மோட்டார் இழுக்குது, நீ சும்மா குந்திக்கிட்டு வர. இதெல்லாம் நேர்ச்சையா?"

"அப்படின்னா அண்ணன் ஏறிப் பார்க்கட்டும்லா."

அண்ணன் ஏறினார். இரண்டு மிதி மிதித்ததும் சைக்கிள் பாய்ந்தது. சிரித்துக்கொண்டே காலை நிறுத்திவிட்டு, மோட்டார் இழுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். பாதி மேட்டில் சைக்கிள் நின்று பின்னால் சரிந்தது. தடுமாறிக் காலை ஊன்றினார்.

"பேட்டரி முடிஞ்சிருச்சிலா!"

"பேட்டரி முடியலண்ணே. நீங்க மிதிக்கல. நீங்க நிறுத்தினா அதுவும் நிறுத்திடும்."

அதே சைக்கிளை வாங்கி, கியரை இளக்கி, மூச்சு வாங்க வாங்க உச்சிவரை மிதித்தேன். மோட்டார் உதவவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். என் கால் கொடுத்ததோடு அதுவும் கொஞ்சம் சேர்த்தது. என் கால் கொடுக்காவிட்டால் அதுவும் கொடுத்திருக்காது.

கோயிலுக்குள் அண்ணி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

"உட்காரு. கால் வலிக்கும்."

"வலிக்குது அண்ணி. மோட்டாருக்கா வலிக்குது? எனக்குத்தானே?"

நான் நின்றபடியே மெழுகுவர்த்தியை ஏற்றினேன்.